சக்கர வீடும் தரைவாடகையும்

நான் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில் ஒரு கோடை விடுமுறையின்போது நண்பர் ஒருவர் என்னைத் தம் வண்டிவீட்டில் டெவன் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். வண்டிவீடு என்று நான் கூறுவது ஆங்கிலேயர் ‘காரவான்’ என்று அழைக்கும் ஊர்தியை. படுக்கை, அடுப்பு, மேசை, அலமாரி எல்லாம் அமைந்த சிறு வீடு ஒன்றைச் சக்கரங்களின் மேல் ஏற்றி, மோட்டார் காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்வார்கள். பகலில் பயணம், இரவில் அதற்கென அமைந்த திடலில் நிறுத்தம். அன்று மாலை ஏழு மணி அளவில் நாங்கள் ஒரு திடலின் வாயிலை அடைந்தோம். அங்கிருந்த கண்காணிப்பாளர் நண்பரிடம் கேட்ட முதற் கேள்வி, “எந்த வகை மனை வேண்டும்?” என்பது.

அவருக்குப் பின்னால் ஒரு விலைப்பலகை தொங்கியது. கூடாரம் அடிக்கும் புல்தரைக்கு ஒரு விலை. வண்டி நிறுத்தும் புல்தரைக்கு அதைவிடச் சற்று மிகுதி. சரளை கொட்டி இறுக்கிய தரைக்கு வேறு விலை. மின் இணைப்பு இருந்தால் இன்னும் கொஞ்சம். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்ச் சாக்கடையும் மனைக்கே வந்திருந்தால் அதற்கும் மேல். இவை போதாவென்று தலைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. மே மாதத்து விலை ஒன்று, பள்ளிக்கூட விடுமுறை விலை மற்றொன்று. பருவம் முழுவதும் வண்டியை அங்கேயே விட்டுவைக்க விரும்புவோர் அலுவலகத்தில் கேட்டறிக என்பது கடைசி வரி. நம் ஊர்ச் சந்தையில் தரைக்கடை போடும் கிழவி இந்தப் பலகையைப் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துகொள்வாள். எனக்குத்தான் சிறிது நேரம் பிடித்தது.

நண்பர் சரளைத் தரை வேண்டும் என்றார். அவை நண்பகலிலேயே நிரம்பிவிட்டனவாம். எங்களுக்குக் கிடைத்தது கழிப்பிடத்தின் அருகே, சரிவான புல்தரை. அதில் எண் பொறித்த முளை ஒன்று அடித்திருந்தது. வண்டியின் ஒரு மூலை அந்த முளையை ஒட்டி நிற்கவேண்டும் என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டுப் போனார். “இரண்டு கெஜம் தள்ளி நிறுத்தினால் தரை சமமாக இருக்கிறதே!” என்றேன். “தள்ளக்கூடாது, அது சட்டம்,” என்றார் நண்பர். ஒரு மர முளைக்குப் பின்னால் சட்டம் இருக்கிறதென்றால், அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பூசல் இருந்திருக்கும். பூசல் இருந்தால் வரலாறும் இருக்கும். அந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வண்டியில் வாழ்வது ஜிப்ஸி மக்களுக்கும், சந்தைக்குச் சந்தை சென்று வேடிக்கை காட்டுவோருக்கும் உரிய வாழ்க்கையாக இருந்தது. உல்லாசத்துக்காக அவ்வாறு ஊர் சுற்றியவருள் முன்னோடி என்று பேர் பெற்றவர் டாக்டர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். இவர் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர் கதைகள் எழுதிப் புகழ் அடைந்தவர். 1885-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் ‘வாண்டரர்’ என்ற பெரிய வண்டிவீட்டைச் செய்வித்து, இரண்டு குதிரைகள் பூட்டி, பெர்க்ஷயரிலுள்ள டுவைஃபர்டு என்ற ஊரிலிருந்து ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னெஸ் வரை சென்றார். வண்டியின் எடை ஏறக்குறைய 2 டன். பயணத்தை விவரிக்கும் அவருடைய நூல் 1886-இல் வெளிவந்தது. அவருக்குத் திடலும் இல்லை, விலைப்பலகையும் இல்லை. சத்திரத்து முற்றத்திலோ, யாரேனும் ஒருவருடைய புல்வெளியிலோ இடம் கேட்டுப் பெறவேண்டும். வந்தவர் மருத்துவர், பணியாளருடன் வந்திருக்கிறார், வண்டியோ மகாகனி மரத்தில் இழைத்தது. கதவு திறக்காமல் இருக்குமா?

இதே ஆண்டுகளில்தான் கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர், வண்டியில் வாழும் மக்களையெல்லாம் பதிவு செய்து, அவர்களுடைய வண்டிகளைச் சோதனையிடச் சட்டம் வேண்டும் என்று பாராளுமன்றத்தில் மசோதாவுக்கு மேல் மசோதா கொண்டுவரச் செய்துகொண்டிருந்தார். அவை நிறைவேறவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். வண்டி ஒன்றே, உள்ளே இருப்பவர் கனவான் என்றால் அது விருந்து, ஜிப்ஸி என்றால் அது தொல்லை. இந்த வேற்றுமையைப் பின்னும் காண்போம்.

1901-இல் சைக்கிளில் சென்று கூடாரமடிப்போர் ஒரு சங்கம் கண்டனர். 1907-இல் காரவான் சங்கம் தோன்றியது. தம் உறுப்பினர் ஒழுங்காக நடப்பர் என்று சங்கம் குடியானவர்க்கு உறுதி கூறும்; குடியானவர் தம் வயலின் ஓரத்தில் இடம் கொடுப்பார். ஓர் இரவுக்குச் சில்லறைக் காசுகள். அந்நாளில் எல்லா இடமும் ஒரே வகைதான்: புல்.

முதல் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1919-இல் பர்மிங்ஹாமில் எக்கிள்ஸ் என்ற நிறுவனம் மோட்டார் கார் இழுத்துச் செல்லும் வண்டிவீடுகளைச் செய்யத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் கடற்கரை ஓரத்து வயல்கள் பலவும் கோடைதோறும் வண்டிகளால் நிறைந்தன. நோயும் அசுத்தமும் பரவும் என்று உள்ளாட்சி மன்றங்கள் அஞ்சின. 1936-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், தொடர்ந்து 42 நாட்களுக்கு மேலோ, ஓராண்டில் மொத்தம் 60 நாட்களுக்கு மேலோ வண்டிகள் தங்கும் நிலத்துக்கு உரிமம் பெறவேண்டும் என்று விதித்தது. நம்பகமான சங்கங்களுக்கு விலக்கு உண்டு. சட்டத்தின் கண் முழுவதும் சாக்கடையின் மேல்தான் இருந்தது. வாடகையைப் பற்றி அது பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் அப்போது இல்லை. ஒரு வயலில் விலை மிகுந்தால் அடுத்த வயலுக்குப் போய்விடலாம் அல்லவா?

இரண்டாம் உலகப் போர் இதைத் தலைகீழாக்கிவிட்டது. குண்டு வீச்சில் வீடுகள் அழிந்தன; போர் ஆண்டுகளில் புதிய வீடுகள் எழவில்லை. போர் முடிந்து திரும்பியவர் மணம் செய்துகொண்டனர். குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. நகராட்சி வீட்டுக்கு எழுதிவைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். விடுமுறைக்கென்று செய்த வண்டிகளில் இளங்குடும்பங்கள் நிரந்தரமாகக் குடியேறின. இதைப் பற்றி விசாரித்தறிய அரசாங்கம் சர் ஆர்ட்டன் வில்சன் என்பவரை நியமித்தது. 1959-இல் வந்த அவருடைய அறிக்கையின்படி, இங்கிலாந்திலும் வேல்சிலுமாக ஏறத்தாழ 60,000 வண்டிவீடுகளில் 1,50,000 பேர் குடியிருந்தனர்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. மாணவர்கள் இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும். இம்மக்களுக்கு வீடு சொந்தம். வீடு நிற்கும் தரை சொந்தமில்லை. நம் நாட்டில் கோயில் நிலத்தில் வீடு கட்டிக்கொண்டவர் அடிமனை வாடகை கட்டுவதை அறிவீர்கள். ஏறக்குறைய அந்த உறவுதான். ஆனால் அடிமனை வீடு நகராது என்பதைக் கட்டியவரே அறிவார். வண்டிவீடோ நகரும் என்ற பெயரை வைத்துக்கொண்டு நகராதது. சக்கரம் இருக்கிறது, போவதற்கு இடம் இல்லை. வேறு திடலில் மனை காலியாக இல்லை. இருந்தாலும் பழைய வண்டியை ஏற்க மறுப்பார்கள். ‘மனை வேண்டுமானால் வண்டியையும் எங்களிடமே வாங்கவேண்டும்’ என்று நிபந்தனை விதித்த திடல்காரரும் இருந்தனர். ஆகவே திடலுக்கு உரியவர் அடுத்த மாதம் வாடகையை உயர்த்தினால், கட்டுவதா, வண்டியை வந்த விலைக்கு அவரிடமே விற்றுவிட்டுப் போவதா என்பதே கேள்வியாயிற்று.

1960-ஆம் ஆண்டில் காரவான் திடல்களுக்கென்றே தனிச் சட்டம் பிறந்தது. நில உபயோக அனுமதியும் உள்ளாட்சி மன்றத்தின் உரிமமும் இன்றித் திடல் நடத்தக்கூடாது என்றது அது. உரிமத்தில் மன்றம் நிபந்தனைகள் விதிக்கலாம். எவ்வாறு விதிக்கவேண்டும் என்பதற்கு அரசாங்கம் மாதிரி விதிகளை வெளியிட்டது. ஏக்கருக்கு 20 வண்டிகளுக்கு மேல் கூடாது. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே 20 அடி இருக்கவேண்டும் என்பவை அவற்றுள் முதன்மையானவை. ஒரு வண்டி தீப்பற்றினால் அடுத்த வண்டிக்குத் தாவாமல் இருப்பதற்கே அந்த இடைவெளி. டெவன் திடலில் நான் அலட்சியமாகப் பார்த்த முளை இந்த 20 அடியின் குழந்தை.

இந்த இரண்டு எண்களும் விலையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஆயினும் விலை இவற்றிலிருந்துதான் பிறக்கிறது. எப்படி என்று பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது நமக்குத் தெரிந்த 100 சென்ட். 20 வண்டிகள் என்றால், சாலை, கழிப்பிடம், குழாயடி எல்லாம் சேர்த்து வண்டிக்கு 5 சென்ட் விழுகிறது. 22 அடி நீளமும் 7½ அடி அகலமும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நாற்புறமும் இடைவெளியில் பாதிப் பங்காகிய 10 அடியைச் சேர்த்தால் 42 அடிக்கு 27½ அடி. அதாவது 1,155 சதுர அடி. இது இரண்டரைச் சென்ட்டுக்குச் சிறிது மேல். எஞ்சிய பாதி நிலம் எல்லார்க்கும் பொது. பொது நிலத்துக்கான செலவையும் அந்த 20 மனைகளே சுமக்கவேண்டும். ஆண்டுச் செலவு 20,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் மனை ஒன்றுக்கு 1,000 பவுண்டு. பேராசைக்காரர் ஏக்கருக்கு 40 வண்டிகளை அடைத்தால் மனைக்கு 500 ஆகும். விலை குறைவு, தீயும் அருகில். சட்டம் நெருக்கத்தைத் தடுத்தது; அதனால் மனை அரிதாயிற்று; அரிதானது விலை ஏறிற்று. நல்ல விதி ஒன்று ஏழையின் பையில் கைவைப்பது இப்படித்தான்.

சுற்றுலா வண்டிகளுக்குக் கணக்கு வேறு. 1983-இல் அவற்றுக்கென வந்த மாதிரி விதிகள் ஹெக்டேருக்கு 75 வண்டிகளை அனுமதித்தன. ஏக்கருக்கு ஏறத்தாழ 30. அதாவது மனைக்கு மூன்று சென்ட்டுக்குச் சற்று மேல். சில நாட்கள் தங்கிப் போகிறவனுக்கு அது போதும். ஆனால் குடியிருப்பவர் ஆண்டின் 12 மாதமும் வாடகை தருகிறார். சுற்றுலாப் பயணி கோடையில் சில வாரங்களே தருகிறார். குளிர்காலத்துப் புல்லுக்கு யார் பணம் தருவார்? ஆகஸ்டு மாதத்துப் பயணிதான் தரவேண்டும். பள்ளி விடுமுறையில் விலை ஏறுவதன் உட்பொருள் இது. இதனால் பிள்ளைகள் உடைய குடும்பமே மிகுந்த விலையைத் தருகிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மனையின் வகைகள் பெருகியதும் இக்காலத்தில்தான். மழை மிகுந்த நாடு அது. புல்தரை சேறாகி வண்டிச் சக்கரம் புதையும். ஆகவே சரளைத் தரை வந்தது. அதன் பிறகு மின்சாரம். ஒரு மனைக்கு வழக்கமாக 16 ஆம்பியர் வரை தருவார்கள்; 230 வோல்ட்டில் 3,680 வாட். ஒரு சூடேற்றியும் ஒரு கெண்டியும் ஒருங்கே ஓட அது சரியாக இருக்கும். ஆளுக்கு ஆள் மின்செலவு வேறுபடுவதால், ஒரே கட்டணத்தில் மின்சாரத்தையும் அடக்கும் திடலில், சிக்கனமானவர் மற்றவருடைய சூட்டுக்குப் பணம் தருகிறார். இதனால் மனைதோறும் மீட்டர் வைத்த திடல்களும் உண்டு. மின்சாரத்தைப் பிறர்க்கு விற்கும் நிலக்காரர் தாம் கொடுத்த விலைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது 2003 முதல் நடப்பிலுள்ள விதி. மின்சாரத்துக்கு வரம்பு உண்டு. விடுமுறைத் திடலில் தரைக்கு வரம்பு இல்லை. கடலைப் பார்த்த முதல் வரிசைக்கு எவ்வளவு என்பதைத் திடல்காரரே தீர்மானிக்கிறார்.

பங்கீடு செய்வதில் இரு வழக்கங்கள் உள்ளன. சில திடல்களில் அலுவலகமே எண்ணைக் குறித்துக் கொடுத்துவிடும். சங்கத் திடல்கள் பலவற்றில் முன்னே வந்தவர் தமக்குப் பிடித்த மனையைத் தாமே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வழக்கம் சமத்துவமாகத் தோன்றுகிறது. எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆனால் ஓய்வு பெற்றவர் வெள்ளிக்கிழமை நண்பகலில் வந்து மர நிழலில் அமர்ந்துவிடுகிறார். தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு வருகிறவர் இரவில் வந்து கழிப்பிடத்தின் அருகே நிற்கிறார். இருவர் கொடுப்பதும் ஒரே விலை.

இனி மீண்டும் குடியிருப்போரிடம் வருவோம். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும் சர்ரே மாவட்டத்துச் செர்ட்சி என்ற ஊரின் மன்றம் துணிந்து ஒரு காரியம் செய்தது. தன் எல்லையிலிருந்த ஒரு திடலுக்கு உரிமம் வழங்கும்போது, வாடகையை மன்றத்தின் ஒப்புதலோடுதான் வைக்கவேண்டும், குடியிருப்போரை எளிதில் வெளியேற்றக்கூடாது, மனைக்கு முன்பணம் பறிக்கக்கூடாது, அவர்கள் எந்தக் கடையில் பொருள் வாங்கினாலும் தடுக்கக்கூடாது, சங்கம் அமைத்தாலும் தடுக்கக்கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள் விதித்தது. இந்த நிபந்தனைகளைப் படித்தாலே அக்காலத்துத் திடல்களில் என்னென்ன நடந்திருக்கும் என்பது விளங்கும். நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் விதி எழுதுவதில்லை.

திடலின் உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். வழக்குப் பிரபுக்கள் சபை வரை சென்றது. 1964-இல் தீர்ப்பு: அந்த நிபந்தனைகள் செல்லா. நிலத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதைப் பற்றியே மன்றம் நிபந்தனை விதிக்கலாம். உரிமையாளர்க்கும் குடியிருப்பவர்க்கும் இடையிலுள்ள ஒப்பந்தத்தில் அது நுழைய முடியாது. அதாவது மன்றம் 20 அடியை அளக்கலாம். அந்த 20 அடிக்கு என்ன விலை என்று கேட்கலாகாது. சட்டத்தின் சொற்களை நோக்கினால் தீர்ப்புச் சரியென்றே தோன்றுகிறது. செர்ட்சி மன்றத்தார் செய்ய முயன்றது தவறு என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் இருபது ஆண்டுகள் முந்திவிட்டார்கள்; அவ்வளவுதான்.

அதன் பிறகு பாராளுமன்றமே அடி அடியாக நடந்து வந்தது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம், நான்கு வார முன்னறிவிப்பும் நீதிமன்ற ஆணையும் இல்லாமல் குடியிருப்போரை வெளியேற்றக்கூடாது என்றது. வாடகையைத் தொடவில்லை. அதே சட்டம் வண்டிவீடு என்பதற்கு ஓர் இலக்கணமும் வகுத்தது. இரண்டு பகுதிகளாகக் கொண்டுவந்து திடலில் இணைத்து, 60 அடி நீளமும் 20 அடி அகலமும் ஆன வீடு கூட வண்டிவீடே. 1,200 சதுர அடி! ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மாடிவீட்டுத் தளம் ஒன்று அத்தனை இருக்கும். அதைக் காரின் பின்னால் பூட்டி இழுப்பதற்கில்லை. நகராதது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட பிறகும், நகரும் பொருளுக்குரிய உரிமையே அதில் இருப்பவர்க்குக் கிடைத்தது.

1975-இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் என்ற பாதுகாப்பு வந்தது. 1983-இல் வந்த சட்டம்தான் உண்மையான திருப்பம். அதன்படி மனை உரிமைக்குக் காலவரை இல்லை. குடியிருப்பவர் தம் வீட்டை நின்ற இடத்திலேயே பிறருக்கு விற்கலாம். விற்ற விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திடல்காரர் எடுக்கக்கூடாது. 1,00,000 பவுண்டுக்கு வீடு விற்றால் 10,000 பவுண்டு அவருக்கு. கட்டாத வீட்டுக்கு இது அதிகம் என்று குடியிருப்போரும், திடலின் செலவுக்கு இது இன்றியமையாதது என்று உரிமையாளரும் இன்றளவும் வாதிடுகின்றனர். மற்றொரு சூழ்ச்சியும் நடந்தது. வாங்க வருபவரைத் திடல்காரர் ஏற்றுக்கொள்ள மறுப்பார். ஒருவர் பின் ஒருவராக வந்தவர் திரும்புவர். கடைசியில் முதியவர் சலித்துப்போய், சொன்ன விலைக்குத் திடல்காரரிடமே கொடுத்துவிடுவார். பாராளுமன்றக் குழு ஒன்று 2012-இல் இதைக் கடுமையாக எடுத்துரைத்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கதவை அடைத்தது.

தரைவாடகையை உயர்த்துவதற்கு இங்கிலாந்தில் 2006-இல்தான் தெளிவான விதி பிறந்தது. ஆண்டுக்கு ஒரு முறை. குடியிருப்பவர் ஒப்பவேண்டும், அன்றேல் நீதிமன்றம் தீர்மானிக்கவேண்டும். சில்லறை விலைக் குறியீட்டெண் ஏறிய அளவுக்கு ஏற்றுவதே முறை என்று தொடக்கத்தில் கொள்ளப்படும். குடியிருப்போர் நன்மைக்காகச் செய்த செலவைச் சேர்க்கலாம். திடலை விரிவாக்கிய செலவை அவர்கள் தலையில் கட்டக்கூடாது. வசதி குறைந்தால் வாடகையும் குறையும். இவ்வளவும் செர்ட்சி மன்றம் ஒரு வரியில் செய்ய முயன்றதுதான்.

எந்தக் குறியீட்டெண் என்பதிலும் பணம் இருக்கிறது. 2022 அக்டோபரில் சில்லறை விலைக் குறியீடு ஓராண்டில் 14.2 விழுக்காடு ஏறியிருந்தது. நுகர்வோர் விலைக் குறியீடு 11.1 விழுக்காடே ஏறியிருந்தது. மாதம் 200 பவுண்டு தரைவாடகை கட்டும் முதியவர்க்கு முதற் கணக்கில் 28.40 பவுண்டு கூடும். இரண்டாம் கணக்கில் 22.20. ஆண்டுக்கு 74.40 பவுண்டு வேற்றுமை. அடுத்த ஆண்டின் உயர்வு இந்த உயர்ந்த தொகையின் மேல் ஏறும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலை 2 முதல் இங்கிலாந்தில் நுகர்வோர் குறியீடே கணக்கு என்று சட்டம் மாற்றப்பட்டது.

இத்தனை பாதுகாப்பும் யாருக்கு என்று கேட்டால், ஸ்டேபிள்சுக்கும் ஜிப்ஸிக்கும் இடையே நாம் முன்பு கண்ட வேற்றுமை மறுபடி எதிர்ப்படுகிறது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும் உரிமம் பெறாத வயல்கள் மூடப்பட்டன. குடியானவர் வயலோரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற ஜிப்ஸி வண்டிகள் சாலைக்குத் துரத்தப்பட்டன. 1965-இல் அரசாங்கம் எடுத்த கணக்கில் இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 15,500 பேர் இவ்வாறு வாழ்ந்தனர். லிபரல் கட்சியைச் சேர்ந்த எரிக் லப்பக் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவே 1968-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் இரண்டாம் பகுதி ஜிப்ஸி மக்களுக்குத் திடல் அமைப்பதைக் கவுண்டி மன்றங்களின் கடமையாக்கியது. லண்டன் நகர மன்றங்கள் ஒவ்வொன்றும் 15 வண்டிகளுக்கு இடம் அமைத்தால் போதும் என்று வரம்பும் கட்டியது. 15 வண்டிக்கு இடம் தந்துவிட்ட மன்றம் பதினாறாவது வண்டியை என்ன செய்யும்? துரத்தும் அதிகாரமும் அதே சட்டத்தில் இருந்தது. 1994-இல் அந்தக் கடமையே நீக்கப்பட்டது. துரத்தும் அதிகாரம் முன்னிலும் வலுப்பெற்றது.

மன்றங்கள் அமைத்த திடல்களிலும் மனைகள் வகைப்பட்டன. நிலையான மனை என்பது ஒரு குடும்பத்துக்கு உரியது; வண்டிகள் நிற்க இடமும், குளிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒரு சிறு கட்டடமும் அதில் இருக்கும். இடைத்தங்கல் மனை என்பது வழிப்போக்கருக்கு. மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. நிலையான மனைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. யாருக்கு முதலில் என்பதில் குடும்பத்தின் அளவு, நோய், உறவினர் அருகில் இருப்பது, பழைய பகை எல்லாம் எடை போடப்படும். விடுமுறைத் திடலில் பணம் செய்யும் பங்கீட்டை இங்கே பட்டியல் செய்கிறது.

தனியார் திடலில் இருந்தவர்க்கு 1983-இல் கிடைத்த பாதுகாப்பு, மன்றத்தின் ஜிப்ஸித் திடலில் இருந்தவர்க்குக் கிடைக்கவில்லை. காரணம் காட்டாமலே அவர்களை வெளியேற்றலாம். லீட்ஸ் நகரத்தில் அவ்வாறு வெளியேற்றப்பட்ட குடும்பம் ஒன்று ஸ்டிராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. 2004 மே மாதத்தில் அந்நீதிமன்றம், குடும்பத்துக்கும் வீட்டுக்கும் உரிய மதிப்பு மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. பாராளுமன்றம் 2008-இல் சட்டத்தைத் திருத்தியது. திருத்தம் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த நாள் 2011 ஏப்ரல் 30. அன்று முதல் மன்றத்துத் திடலில் உள்ள ஜிப்ஸிக் குடும்பமும், தனியார் திடலில் உள்ள ஓய்வு பெற்ற ஆசிரியரும், தரைவாடகை மிகுதி என்று கருதினால் ஒரே தீர்ப்பாயத்தின் முன் மனுக் கொடுக்கலாம்.